எழுபத்திரண்டு சதுர அங்குலம்

கவுனி என்று பெயர் வந்தது நிறத்தால்.
சாமான் அறையில், கல்யாண அண்டாவுக்குள்
எந்தத் தாயோ போட்டுவிட்டுப் போன கறுப்புக் குட்டி.
இப்போது இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை
நாலரைக்கு ஒருமுறை
பின்கட்டுக் கதவைப் பிராண்டுகிறாள்.
என் கட்டிலிலிருந்து அந்தக் கதவுக்கு
நூற்றுப் பதினோரு எட்டு. எண்ணியிருக்கிறேன்.
மேலே ஒரு தாழ், கீழே ஒன்று, குறுக்கே இரும்புப் பட்டை.
எல்லாம் திறந்தபின் நிலைப்படியில் உட்கார்ந்து
போவதா வேண்டாமா என்று யோசிப்பாள்.

அட்டைப் பெட்டியில் வந்தது பூனைக் கதவு.
வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், ஆடும் பலகை,
திருகினால் நான்கு விதப் பூட்டு:
உள்ளே மட்டும், வெளியே மட்டும்,
இரண்டும், இரண்டுமில்லை.
அடைக்கலம் வந்து சுவரைத் தட்டினார்.
"ரெண்டடிக் கனம் ஆச்சி. இதைக் குடைஞ்சா
கதவு இல்லை, சுரங்கப்பாதை."
கதவைத் தட்டினார். பர்மாத் தேக்கு.
சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.
"எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

எல்லாரும் என்றால் பதினாறு பங்கு.
பள்ளத்தூரில் இருப்பது நான் ஒருத்தி.
மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள்,
படைப்புத் தேதி போட்டால் மட்டும் விழிக்கும் குழு.
பினாங்கு வயிரவன்: பாம்பு வரும்.
கோவை சிகப்பி: வாஸ்து பார்த்தாச்சா?
பெங்களூரிலிருந்து ஒரு கட்டைவிரல்,
அது சம்மதமா, படித்துவிட்டேன் என்பதா, தெரியாது.
சாத்தப்பண்ணன்: நாளைக்கு விக்கும்போது விலை குறையும்.

விற்கும்போது.
இந்தச் சொல்லை அதுவரை யாரும்
அங்கே எழுதியதில்லை.
அரை மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
கதவு எழுபத்திரண்டுக்கு முப்பத்தாறு.
பதினாறால் வகுத்தால் என் பங்குக்கு
நூற்று அறுபத்திரண்டு சதுர அங்குலம்.
பூனைக்கு எட்டுக்கு ஒன்பது போதும்.
என்னுடையதை மட்டும் வெட்டிக்கொள்கிறேன்,
மீதித் தொண்ணூறு கதவிலேயே கிடக்கட்டும்,
உங்கள் பங்கில் ரம்பம் படாது
என்று எழுதினேன்.
கணக்கு என்றால் எங்கள் ஆட்கள் அடங்கிவிடுவார்கள்.

அண்ணன் போனபின் அந்தப் பங்குக்கு வந்த மெய்யம்மை,
குழுவில் ஒரு எழுத்தும் போடாதவள்,
இரவு பதினொன்றுக்குக் கேட்டாள்:
பூனை படம் ஒண்ணு அனுப்பு.
அனுப்பினேன்.
அந்தக் கதவுதானே, என்னை வெளியே விட்டுச் சாத்தினது.
அடுத்து இன்னொன்று: வெட்டு.
காலையில் பார்த்தால் முன்னதை அழித்திருந்தாள்.
"வெட்டு" மட்டும் இருந்தது.

நான்கு மூலையிலும் துளை போட்டார் அடைக்கலம்.
இரண்டு பிளேடு உடைந்தது.
மேலே கறுத்துக் கிடந்த மரம்
உள்ளே வெல்ல நிறத்தில், எண்ணெய் வாசத்தோடு,
நேற்று அறுத்ததுபோல இருந்தது.
விழுந்த துண்டைத் துடைத்து நீட்டினார்.
காரைக்குடி கூரியரில் எடை போட்டுக்கொண்டே
உள்ளே என்ன என்று கேட்டான் பையன்.
கதவு என்றேன்.
சிரித்துவிட்டு, "மரச் சாமான்" என்று எழுதினான்.

கவுனி ஒன்பது நாள் அதைத் தொடவில்லை.
ஓட்டைக்குப் பக்கத்திலேயே நின்று
பழைய இடத்தைப் பிராண்டினாள்.
நெத்திலி வைத்தேன். எறும்பு தின்றது.
வெளியே போய்த் தரையில் படுத்து
பலகையைத் தூக்கிப் பிடித்து மியாவ் என்றேன்.
அங்கிருந்து என் அடுப்படி
யாருடையதோ போல இருந்தது.

பத்தாம் இரவு
டப்.
கொஞ்ச நேரம் கழித்து, டப்.
ஈரக் காலோடு வந்து என்மேல் படுத்தாள்.
தூக்கம் சொக்கும்போது
மூன்றாவதாக ஒரு டப்.

இவள் இங்கே கிடக்கிறாள்.
நூற்றுப் பதினோரு எட்டு.
நான் எழுந்திருக்கவில்லை.
பூட்டு "இரண்டும்" என்பதில்தான் இருக்கிறது.