இதர

ஜூரு ஆற்று வாய்.
தண்ணீர் வற்றிய நேரம், காலை ஆறேகால்.
பாக் ஹம்சா வலையை உதறுகிறார்.
ஒன்பது கெளிறு, ஒரு மடவை,
ஒரு செருப்பு. இடது கால்.

என் வேலை வயிற்றைப் படிப்பது.
பிறையில், குளிர்சாதனம் சொட்டும் மூலையில் உட்கார்ந்து
குடலை நீளவாக்கில் கத்தரித்து
உள்ளே இருப்பதை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும்.

படிவம் பழையது.
ஆறு ஆறாக இருந்தபோது யாரோ அடித்தது.
எட்டுக் கட்டம்:
புழு, குட்டி நண்டு, இறால், கெராங்,
மீன்குஞ்சு, பாசி, சேறு.
கடைசியில், சுண்டுவிரல் அகலத்தில்,
இதர.

முதல் கெளிறில் சோறு.
இரண்டாவதில் சோறு, கோழிக்குடல், ரப்பர் வளையம்.
மூன்றாவதில் மீ, வெள்ளையாய், அறுபடாமல்.
நான்காவதில் புழு.
ஒன்றே ஒன்று.
வேற்றூர் பஸ் நிலையத்தில்
சொந்தக்காரரைக் கண்டாற்போல் இருந்தது.

கெளிறுகள் கொழுத்திருக்கின்றன. அதுதான் கூத்து.
கொழுப்பு கத்தரியில் ஒட்டுகிறது.
“மீனு நல்லாத்தானே இருக்கு” என்கிறார் மேலாளர் தவநேசன்,
தராசைப் பார்த்து.
தராசு பொய் சொல்லாது.
வராதவர் யாரென்று கேட்கவும் கேட்காது.

கெராங் வரவில்லை.
அதை உடைத்துத் தின்னும் திருக்கை வரவில்லை.
அலையாத்தியை வெட்டி அடுக்குமாடி எழுப்பிய வருஷம்
நண்டுக்குஞ்சுகள் வீட்டைக் காலி செய்தன.
நண்டு போன சேற்றில் வளை இல்லை,
வளை இல்லாத சேற்றுக்கு மூச்சு இல்லை.
பாலத்தில் போகும் கார்கள்
கண்ணாடியை ஏற்றிக்கொள்கின்றன.
கொக்குக்கென்ன,
கோழிக்கடைப் பின்வாசலில் நின்று பழகிவிட்டது.

ஏழாவது கெளிறில் கறிவேப்பிலை.
அதன் நரம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கடுகு.
வெடித்த கடுகு.

கத்தரியைக் கீழே வைத்தேன்.
எண்ணெய் காய்ந்து, இது வெடித்தபோது
யாரோ ஒருத்தி மூடியால் முகத்தை மறைத்து
ஒதுங்கி நின்ற அடுப்படி எது?
சிம்பாங் அம்பாட்டா, புக்கிட் தெங்காவா,
போன வெள்ளி எட்டாவது மாடியில்
கெட்டுப்போன குழம்பைத் தொட்டியில் கவிழ்த்த
நானா?

கடுகு சிறுத்தாலும் என்பார்கள்.
இது
குழாய், கால்வாய், கதவணை,
ஆலை விடும் வெந்நீர் எல்லாம் தாண்டி
ஒரு வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதர கட்டத்தில் இடம் போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன், பிறகு பின்பக்கத்தில்.
தவநேசன் பேனாவால் தட்டினார்:
“கடுகா? இது என்ன இனம்?”
“நம்ம இனம்தான் சார்.”
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
அழித்துவிட்டு “தாவரப் பொருள்” என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன். அழிக்கவில்லை.

சாயங்காலம் பாக் ஹம்சா
இரண்டு கெளிறைப் பையில் போட்டுக் கொடுத்தார்.
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.
அவருக்கு என்னவென்று சொல்வது,
அவர் முப்பது வருஷமாய்ச் சாப்பிடுகிறார்.

பஸ்ஸில் மடியில் கனத்தது பை.
வீட்டில் புளி இருக்கிறது, மிளகாய் இருக்கிறது.
கடுகு தீர்ந்துவிட்டது,
இறங்கியதும் வாங்க வேண்டும்.