ஆறாவது அறிவிப்பு

காணிக்கைப் பை சுற்றி வந்த பிறகு
ஆசீர்வாதத்துக்கு முன்னால்
நாலு நிமிஷம் இருக்கும்.
இன்றைக்கு அது என்னுடையது.
சபைச் செயலாளர் சத்தியசீலனுக்குத் தொண்டை கட்டு.
ராத்திரி லயத்து வாசலில் வந்து தாளைத் தந்தார்:
"நீ செக்ரோல் வாசித்துப் பழகினவள்,
கடைசி வாங்குவரைக்கும் கேட்கும்."

ஒன்று. அடுத்த ஞாயிறு திருவிருந்து.
போதகர் ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார்,
பஸ் வந்தால்.
அப்பம் இந்தமுறை மேல்பிரிவுக்காரர் பொறுப்பு.
போனதடவைப் பாண் புளித்திருந்ததைப் பற்றி
இனி யாரும் பேச வேண்டாம்.

பெண்கள் ஐக்கியம் புதன் மாலை,
கொழுந்து நிறுத்த கையோடு.
படங்கு கட்டியபடியே வரலாம்.
ரெபேக்காள் வீட்டுப் புது மருமகளுக்கு
மூன்றாம் குரல் பாடத் தெரியும்.
இது தாளில் இல்லை, நானே சேர்த்தேன்.
பின்வரிசையில் ஒரு முக்காடு குனிந்தது.

சனிக்கிழமை கல்லறைத் துப்புரவு.
மண்வெட்டி இருந்தால் மண்வெட்டி, இல்லாவிட்டால் கை.
முன்பக்கப் பளிங்கெல்லாம் துரைமாருடையது.
இருபத்தாறு வயதில் காய்ச்சலில் செத்தவனுடைய பெயர்
இன்னும் ஓர் எழுத்துப் பிசகவில்லை.
நம்முடையவை பின்னால், சரிவில்,
டேலியா நட்ட மேடுகள்.
எது யாருடையது என்று தெரிந்தவர்கள்
அவசியம் வரவும்.

ஓய்வுநாள் பள்ளிப் பயணம்: பிள்ளைகள் இருபத்துமூன்று,
வேனில் இருக்கை பதினான்கு.
மடிகளுக்குப் பெயர் கொடுங்கள்.

ஐந்து. அறுப்பின் பண்டிகை, மாதக் கடைசி.
லீக்ஸ், கோவா, பீட்ரூட், கோழி, முட்டை,
எது கிடைக்கிறதோ அது.
ஆராதனை முடிய ஏலம்.

ஆறு.
போன வருஷ ஏலத்தில் எடுத்து
இன்னும் கட்டாதவர்களின் பெயர்களைச்
சபையில் வாசிப்பது
என்று மூப்பர் சபை தீர்மானித்திருக்கிறது.

முதல் பெயர் ஞானப்பூ. பூசணி ஒன்று.
மூவாயிரத்து எண்ணூறு.

எனக்கு ஞாபகம் இருக்கிறது.
மேல்பிரிவுக்காரன் ஐந்நூறு என்றான்,
நம் பக்கம் விசில் பறந்தது,
அவள் கையைத் தூக்கினாள்,
திரும்பத் திரும்பத் தூக்கினாள்,
ஜெயித்த பூசணியை லயத்துக்குக் கொண்டுபோய்
காம்பரா காம்பராவாகக் கீற்றுப் போட்டுக் கொடுத்தாள்.
எங்கள் வீட்டுக்கு இரண்டு கீற்று.
மழை மாதம். அவளுக்கு விழுந்தது பன்னிரண்டு பேர்,
அதிலும் நாலு அரைப்பேர்.

மலையில் பேர் விழாவிட்டால் கூலி இல்லை.
இங்கே பேர் விழுந்தால்
முகம் இல்லை.

வாயைத் திறந்தேன்.
தகரத்தில் மழை இறங்கியது.
தூறல் இல்லை, தட்டல் இல்லை,
லொறி நிறையக் கருங்கல் கொட்டினமாதிரி.
மூப்பர் அகஸ்டின் காதுக்குக் கை வைத்தார்.
குழந்தைகள் கூரையைப் பார்த்தார்கள்.
நான் நிறுத்தவில்லை. தாளைப் பிடித்தபடி
உதடு அசைத்துக்கொண்டே இருந்தேன்.
வாசிக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மூன்றாம் வாங்கில் ஞானப்பூ
கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தாள்.
ஒரு நிரையில் நின்று
பள்ளத்துக்கு அந்தப் பக்க நிரைக்கு
உதட்டாலேயே ஊர்க்கதை பேசுகிறவள்.
அந்த இரைச்சலில் நான் சொன்னதைக்
கேட்டவள் அவள் ஒருத்திதான்:

"அந்தப் பூசணியை எல்லாரும்தானே தின்றோம்.
நான் ஐந்நூறு தருகிறேன்.
உனக்கு அடுத்து இருக்கிற எலிசாவும் ரெண்டு கீற்றுத் தின்றான்.
அவனைக் கேள்."

அவள் சிரிக்கவில்லை.
முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.
முழங்கையால் எலிசாவை ஒரு இடி.

மழை கொஞ்சம் தணிந்தது.
"வாசித்தாயிற்றா?" என்றார் அகஸ்டின்.
"ஆறாவது முடிந்தது, ஐயா."

ஏழு. போன வாரம்
ஒரு கம்பி முறிந்த கறுப்புக் குடை
உடுப்பு அறையில் கிடக்கிறது.
உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும்.
அதுவரை
நனைகிறவர் யாரும் பாவிக்கலாம்.