காற்று நிற்கும் இரவுகள்

கூக்கால் சோலைக்கு மேலே முப்பத்திரண்டு மீட்டர்.
கோபுரம் என்று சொன்னால் வேலப்பன் சிரிப்பான்:
"சாமி இல்லாத கோபுரம் மேடம்."
உச்சியில் மூன்று ஜோடிக் கைகளை நீட்டி
ஒலியால் காற்றைத் தடவும் கருவி,
பக்கத்தில் ஓர் அகச்சிவப்புக் கண்.
நொடிக்குப் பத்து முறை கேட்கிறோம்:
ஏறுகிறாயா, இறங்குகிறாயா,
மடியில் எவ்வளவு கரியமில வாயு?

பகலில் பதில் தெளிவு.
வெயில் காட்டு நாவலின் தளிரைத் தொட்டதும்
இறங்கும் சுழலில் கூடுதல், ஏறும் சுழலில் குறைவு.
வித்தியாசம்தான் காடு உண்டது.
பதினொன்றரைக்கு நல்ல பசி.
மேகம் வந்து மூடினால்
பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடும்.

சமன்பாடு.
சொல்லிலேயே சமன் இருக்கிறது.
அது சமதரை கேட்கிறது, கோதுமை வயல் மாதிரி.
இங்கே கால் வைக்கும் இடமெல்லாம் சரிவு.
அதனால் நிரலில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:
அரைமணிக்கு ஒருமுறை அச்சைத் திருப்பி
மலையைத் திரையில் படுக்க வைக்கும்.
எழுப்பிவிட ஒரு வரி
இதுவரை யாரும் கேட்கவில்லை.

இரவுதான் தகராறு.
காடு மூச்சு விடுகிறது, அதில் சந்தேகமில்லை.
மக்கும் இலை, வேர், பூஞ்சை,
படுத்திருக்கும் காட்டெருமை உட்பட.
ஆனால் காற்று அசையாவிட்டால்
மேலே இருக்கும் கண்ணுக்கு ஒன்றும் எட்டாது.
பூஜ்யத்தை ஒட்டியே ஒரு கோடு ஓடும்,
இரண்டாயிரம் மரமும் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

உராய்வு வேகம் இவ்வளவுக்குக் கீழே போனால்
அந்த அரைமணியை நீக்கு என்பது விதி.
நீக்கிய இடத்தில் மைனஸ் 9999.
ஜனவரியில் இருபத்திரண்டு இரவுகளுக்கு
அதுதான் பெயர்.
பிறகு, காற்றடித்த இரவுகளின் மூச்சை எடுத்து
குளிர் எவ்வளவு என்று பார்த்து
நின்ற இரவுகளுக்கு ஊற்றி நிரப்புவோம்.
எல்லாரும் செய்வதுதான். நானும் செய்தேன்,
இரண்டு வருடம்.

அப்புறம் ஓர் உறைபனி இரவில்
கைக்கருவியோடு ஓடையோரம் இறங்கினோம்,
வேலப்பன் முன்னால், டார்ச் பின்பக்கம் காட்டி.
கோபுரத்தடியில் 438.
முதல் வளைவில் 461.
பாலத்தடியில், கணுக்கால் உயரத்தில், 503.
குனிந்தால் கூடியது. நிமிர்ந்தால் குறைந்தது.
அவன் சட்டைப்பையில் கிடந்த ஊதுபத்தியைக் கொளுத்தினான்.
புகை எழவில்லை.
தண்ணீர் மாதிரி படுத்து
கல்லைச் சுற்றி
பள்ளம் பார்த்துப் போனது.

"இதே வழியாத்தான் எங்க கிழங்கு கருகுது" என்றான்.
கடைசிப் படிக்கட்டு வயலில் மட்டும் பனி விழுமாம்.
அதைக் குறைந்த விலைக்கு வாங்கியவர் அவன் அப்பா.

பூண்டுப் பாத்திகள் வரை பின்தொடர்ந்தோம்.
ஒரு வீட்டில் யாரோ இருமினார்கள்.
கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது
நான் ஏட்டில் இல்லை என்று எழுதிய மூச்சு.

அறிக்கையில்
ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று
ஓர் எண் இருந்தது. பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி.
குறிக்குப் பின்னால் வந்தது
முன்னால் இருந்ததைவிடப் பெரிது.
அப்படியே அனுப்பினேன்.
சென்னையிலிருந்து ஃபிலோமினா கூப்பிட்டார்:
"ஒரே ஒரு எண் குடுங்க போதும்,
கீழ இருக்கறது எதுக்கு?"
பாலம், பாத்தி, இருமல் என்று ஆரம்பித்தேன்.
சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிடவில்லை,
அவரும், நானும்.

மறுநாள் காலை பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன்.
கண்ணாடியில் பனி கட்டியிருந்தது.
துடைக்கக் குனிந்தபோது
கீழே லேப்டாப்போடு நின்றவன் கத்தினான்:
"மேடம், ரெண்டாயிரத்தைத் தாண்டுது!"

என் மூச்சுதான்.
அந்த அரைமணிக்கும் போட்டேன்
மைனஸ் 9999.