சீர்

சனிக்கிழமை, ஆறேகால்.
மக்கெய்சர் மைதானத்தில் புல் இன்னும் நனைவு.
பதினாறு பேர், முப்பத்திரண்டு சப்பாத்து.
என் சோடியின் நுனிகளில் மட்டும்
போன கிழமைப் புதினத்தாள்:
ஒன்றில் மரண அறிவித்தல், மற்றதில் ராசிபலன்.
நடக்க நடக்க இரண்டும் கூழ்.

"சீருவென்!"
கட்டளை சிங்களம்.
என் காதில் அது முதலில் எங்கள் சொல்லாகத்தான் விழுந்தது.
சீர். நாலு சேர்ந்தால் அளவடி.
தளை தட்டினால் தமிழ் டீச்சர் சிவப்பு மையால் சுழிப்பா.
இங்கேயும் அதுதான், இடது வலது இடது வலது,
பிசகினால் மைதானம் ஒரு சுற்று.
நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா
என்று எண்ணித்தான் கால் மாற்றப் பழகினேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.

கிண்ணியாவின் முதல் பஸ்ஸில் வரும் நுஸ்ஹா
தொப்பிக்குள் துணி நழுவாமல் ஆறு குண்டூசி குத்துவாள்.
இமேஷா பேசமாட்டாள், என் சலியூட்டின் கோணல் கண்டால்
முழங்கையை ஒரு விரலால் உயர்த்திவிட்டுப் போவாள்.
சம்பூர் வினோதரி மரத்துப்பாக்கியை
விறகுக்கட்டை மாதிரித் தூக்குகிறாள் என்று சார்ஜன் ஏசினார்.
"விறகுக்கட்டைதானே சேர்" என்றாள்.
இரண்டு சுற்று.

காக்கியை அயன் பண்ணும்போது
அம்மா ரேடியோவை நிற்பாட்டிவிடுவா.
அந்த நிறத்தின் முன்னால் பஸ்ஸால் இறங்கி
அடையாள அட்டையை நெஞ்சுயரம் பிடித்து
வரிசையில் நடந்த வயது அவவுக்கு இருந்தது.
பெல்ட்டின் பித்தளைக்குப் பிராசோ போட்டு,
கதிரையில் தொங்கவிட்டு,
கை கழுவுவா.
பிராசோவுக்காகவும் இருக்கலாம்.

நற்பிரசையின் பத்து இலட்சணம் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். பத்துக்கு ஒன்பது.
பிழைத்தது எதுவென்று தாளில் இல்லை.

மாவட்டப் போட்டியன்று கட்டளை என் குரலில்.
மேடையைக் கடக்க இருபது எட்டு.
எல்லாக் கண்ணும் வலப்பக்கம்.
விதிப்படி என் கண்ணும்.
நான் முன்னால் பார்த்தேன்.

மான்.
கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்று பழகிய மான்,
குட்டியோடு.
பாண்ட் முழங்கத் தாய் விலகியது.
குட்டி விலகவில்லை.
பன்னிரண்டு எட்டு. பத்து.

சிங்களச் சொல் தெரியும்.
நூறு தரம் தொண்டை கட்டக் கத்திய சொல்.
வாயில் வந்தது
"நில்!"

குறில், ஒற்றடுத்து. நேரசை.

நின்றார்கள்.
இமேஷாவும்.
முப்பது சப்பாத்தும் ஒரே சத்தம்.
அவ்வளவு சுத்தமாக நாங்கள் ஒருநாளும் நின்றதில்லை.

குட்டி காதை ஒருக்கா அடித்தது,
எங்களுக்கும் மேடைக்கும் நடுவால்
அவசரமில்லாமல் போனது.
நடுவர் குறிப்பேட்டில் எழுதினார், எழுதினார்.

நான்காமிடம். வந்திருந்தது ஐந்து அணி.

"புள்ளி போனது நிண்டதுக்கா, தமிழில சொன்னதுக்கா?"
தண்ணீர்க் குழாயடியில் நுஸ்ஹா.
எனக்கென்ன தெரியும்.
"எனக்கு விளங்கிச்சு" என்றாள் இமேஷா,
யாரும் கேட்காமல், தமிழில்,
தொப்பியைக் கழற்றித் தலையை நனைத்தபடி.

வெள்ளி இரவு அம்மா அயன்பெட்டியோடு கேட்டா,
ஏன் தோத்தீங்கள்.
சொன்னேன்.
பெட்டி துணியிலேயே நின்றுவிட்டது.
"நில் எண்டா நாங்க நிண்டிருக்கிறம்" என்றா.
"எங்கட பிள்ள சொல்லி மத்தவை..."
மணத்தபின்தான் பெட்டியைத் தூக்கினா.

இடது தோளில் ஒரு பழுப்பு, அரைநிலா அளவு.
எலுமிச்சம்புளியால் தேய்த்துப் பார்த்தா.
போகவில்லை.
நாளைக்கு அதுக்கும் ஒரு சுற்று இருக்கும்.
படுக்கமுதல்
சப்பாத்துக்குள் தாள் மாற்றவேண்டும்.