மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு நொடி

பாட்டு பிறந்தபோது அதற்கு ஒன்பது நிமிடம்.
மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்,
தேவாலயத்துக்குக் கீழே ஒரு நிலவறை மண்டபம்.
ஆடத் தெரியாதவர்தான் மேடை கோணல் என்பாராம்.
எங்கள் மேடை உண்மையிலேயே கோணல்.
றெஜியின் டிரம்ஸ் பாட்டுக்குப் பாட்டு
ஒரு விரற்கடை என் பக்கம் நகர்ந்துவரும்.

குழுவின் பெயர் நாலரை.
விதுரா, மதுஷன், அகிலேஸ், நான்.
அரை என்பது றெஜி:
பேக்கரியில் இரவு வேலை விட்டால் வருவான்.
விடாவிட்டால் தொடையில் தட்டிக்கொண்டு பாடுவோம்.

மெட்ரோ புறப்படும்போது முனகுமே மூன்று சுரம்,
அதை மதுஷன் கிட்டாரில் பிடித்தான்.
விதுரா அதன்மேல் ஒரு வரி வைத்தாள்:
கதவு மூடுது, கையை எடு.
காதல் பாட்டென்றார்கள் கேட்டவர்கள்.
நாங்கள் மறுக்கவில்லை.

பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
இரண்டாம் சரணம் என்னுடையது.
வாயைத் திறந்தேன், ஃபியூஸ் போனது.
இருட்டுக்குள் யாரோ கைதட்டினார்,
தட்டக்கூடாத இடத்தில்.
பிறகு பத்துப் பேர்,
பிறகு கோட்டுகள் தொங்கிய சுவர்வரை எல்லாரும்.
அந்தத் தப்பை றெஜி எட்டிப் பிடித்து
அதற்கு ஒரு முதுகெலும்பு கொடுத்தான்.
மின்சாரம் திரும்பி வந்தும்
நெடுநேரம் நாங்கள் தொடங்கவில்லை.

அடுத்த மேடையில் ஃபியூஸ் போகவில்லை.
போனது மாதிரி நின்றோம்.
லவாலில் நின்றோம், ஒட்டாவாவில் நின்றோம்,
ஒரு கலியாண வீட்டிலும் நின்றோம்;
மாப்பிள்ளை பகுதி ஜெனரேட்டர் தேடி ஓடியது.

ஸ்டூடியோ சபனெல் தெருவில், ஐந்தாம் மாடி.
நாலாம் மாடியில் குளிர்காலக் கோட்டு தைக்கிறார்கள்,
ஜூலை மாதத்தில்.
ஜிலேன் எங்கள் காதுக்குள் ஒரு கிளிக்கை வைத்தார்,
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.
"நீ நூற்று முப்பதில் ஓடுகிறாய்" என்றார் றெஜியிடம்.
"அது நானில்லை, கோப்பி" என்றான் றெஜி.

கைதட்டல் வேண்டுமே.
ஐந்து பேரும் படிக்கட்டில் நின்று தட்டினோம்.
ஜிலேன் கேட்டார், திரும்பக் கேட்டார்,
"சுத்தமாக இருக்கிறது" என்றார்
எச்சில் தட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
"இது கூட்டமில்லை.
ஐந்து பேர் ஒத்துப்போகிறீர்கள், அவ்வளவுதான்."

நாலு மணிக்குக் கீழே மெஷின்கள் அடங்கின.
தரை நடுங்குவது நின்ற பிறகுதான்
அதுவரை நடுங்கியது தெரிந்தது.
அகிலேஸ் இறங்கிப் போனான்.
பதினேழு பெண்களோடு சரக்கு லிஃப்டில் ஏறி வந்தான்:
பஞ்சாபி, கிரேக்கம், கிரியோல், தமிழ்,
எல்லார் மேலும் நூல் துணுக்கு.
பாட்டை அவர்கள் கேட்டதே இல்லை.
தட்டினார்கள், தட்டக்கூடாத இடத்தில்,
வேலை முடிந்த கைகளால்.

பொத்தான் தைக்கும் மாடம் ஒடெட்
அங்குஸ்தானைக் கழற்ற மறந்திருந்தார்.
அதன்மேல் மோதிரம் பட்டு
டிக்.
ஜிலேனின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.
எதை அழித்தாலும் அதை அழிக்க மாட்டாரென்று
அந்த விரலைப் பார்த்தே தெரிந்தது.

அழித்தது என் சரணத்தை.
வானொலிக்கு ஒன்பது நிமிடம் ஆகாது.
யாரும் கள்ளமாக வெட்டவில்லை,
வாக்கெடுப்பில் நானும் கை உயர்த்தினேன்.
எட்டு வரி. இரண்டை மட்டும் இங்கே வைக்கிறேன்:
ழான்-தலோன் நிலையத்தில் ஒற்றைக் கையுறை
இன்னுமொரு கையைத் தேடிக் கிடக்குது.

இப்போது பாட்டு எங்களைவிட மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.
கரண்டியோடு வருகிறார்கள்.
போத்தலில் மோதிரத்தைத் தட்டுகிறார்கள்.
றெஜி வேகமெடுத்தால் முகம் சுளிக்கிறார்கள்,
கிளிக் அவர்கள் காதுக்குள் குடிபோய்விட்டது.
மாடம் ஒடெட் ராயல்டி கேட்டிருக்கிறார்.
கேட்பதில் நியாயமுண்டு.

போன சனிக்கிழமை,
சொல்லாமல் கொள்ளாமல்,
என் சரணத்தை நான் பாடினேன்.
விதுரா திரும்பிப் பார்த்தாள், பிறகு வழிவிட்டாள்.
முன்வரிசையில் ஒரு பையன்,
போத்தலருகே மோதிர விரலைத் தூக்கி வைத்தபடி,
பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டவன் மாதிரி
என்னையே பார்த்தான்.

பாவம், விரலை இறக்கவில்லை.
எட்டு வரியும் பொறுத்திருந்தான்.