பி மெமோ

வருசத்துக்கு ஒருமுறை வரும்.
மாசியில், முந்திரிப் பூ மண்ணில் உதிர்கிற நாளில்
தலையாரி சைக்கிளை நிறுத்துவார், பெல் அடிக்க மாட்டார்.
பழுப்புத் தாள். கோணல் முத்திரை.
புல எண் இருநூற்றுப் பதினேழு, உட்பிரிவு நான்கு.
வகைப்பாடு: ஓடை.
பரப்பு: முப்பத்தெட்டு சென்ட்.
பயிர்: முந்திரி, பலா ஒன்று.
ஆக்கிரமிப்பாளர்: அஞ்சாபுலி, த/பெ மண்ணாங்கட்டி.

பலாவைக்கூட விடாமல் எழுதியவர்கள்
அதை நட்டவளை எழுதவில்லை.

ஓடை இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
நான் வாழ்க்கைப்பட்டு வந்த கார்த்திகையில்
முந்தானை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்தேன்.
அப்புறம் மேற்கே சுரங்கம் வெட்டினார்கள்.
ராத்திரியெல்லாம் எந்திரச் சத்தம், விளக்கு வெளிச்சம்.
ஒரு கோடையில் கிணறு வற்றியது.
மறு கோடையில் ஓடையையே தூக்கி
அரை மைலுக்கு அப்பால் வாய்க்காலாக விட்டார்கள்.
சுரங்கத்துக்காகத் தண்ணீர் நகர்ந்தது.
எங்களுக்காகத் தாளில்கூட நகரவில்லை.
குறிஞ்சிப்பாடி தாலுகா ஆபீஸ் வரைபடத்தில்
இரட்டைக் கோடாக, கரை நிறைய,
என் அடுப்புக்கு மேலே இன்னும் ஓடுகிறது.

புயலடித்த மார்கழியில்
பதினாறு முந்திரியும் வேர் தெரியச் சாய்ந்தன.
நிவாரணத்துக்குப் பட்டா கேட்டார்கள்.
மேலத்தெரு கோதண்டபாணியிடம்
கட்டாந்தரைக்குப் பட்டா இருந்தது.
அவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று வந்தது.
"பாரு, நம்ம மரம் உழுந்ததுக்கும் மெமோ குடுப்பானுவோ"
என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.
கொடுத்தார்கள்.
அந்த வருசம் பயிர்: பலா ஒன்று.

அபராதம் கட்டியதும் ரசீதை மடித்து
நெய் டின்னுக்குள் போடுவார்.
"குத்தம்னாலும் நம்ம பேருல இருக்குதே,
நாம இங்க இருந்தோம்னு கவர்மெண்டே எழுதிக் குடுக்குது."
இருபத்தாறு ரசீது.
நெஞ்சுவலியில் போன அன்றும் டின் தலைமாட்டில் இருந்தது.

செத்தும் நாலு வருசம் ஆக்கிரமித்தார்.
அஞ்சாபுலி, த/பெ மண்ணாங்கட்டி, ஆஜராகி விளக்கம் தரவும்.
அவரைப் புதைத்த இடமும் புறம்போக்குதான்.
அதற்கு மெமோ வருவதில்லை.

கொழுந்தன் மகன் சித்திரவேலு டின்னைக் கேட்டு வந்தான்.
"பட்டா வந்தா ஆம்பள வாரிசு பேருக்குத்தான் சித்தி வரும்."
அன்று ராத்திரி டின்னை அரிசிப் பானைக்குள் இறக்கினேன்.

வைகாசியில் ஜமாபந்தி.
சாமியானா. மேடையில் மட்டும் மின்விசிறி.
மனு எழுதுகிறவன் கேட்காமலே
'பட்டா வேண்டி' என்று ஆரம்பித்தான்.
அடித்து எழுதச் சொன்னேன்.

"நீர்நிலைம்மா. கோர்ட் உத்தரவு இருக்கு. பட்டா வராது."
"பட்டா கேக்கலிங்க.
அபராதத்த எம் பேருக்கு மாத்துங்க."
அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார்.
"அபராதத்தையா?"
"ஆமாங்க. செத்தவரு எத்தினி வருசம் கட்டுவாரு?
களை எடுக்கறது நானு. மோட்டு மண்ண வெட்டிப் போட்டது நானு.
குத்தம் என்னுதுதானே."
பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.
இருபத்தாறையும் மேசையில் பரப்பினேன்.
சிலதில் அரிசி மாவு ஒட்டியிருந்தது.

இந்த மாசியில் தலையாரி பெல் அடித்தார்.
ஆக்கிரமிப்பாளர்: பூங்காவணம், க/பெ லேட் அஞ்சாபுலி.
மூணு சுழி போட்டிருந்தார்கள்.
ரெண்டு சுழி என்றேன்.
"அட, இதுல என்ன இருக்குது?"
"எல்லாம் இதுலதாண்ணே இருக்குது."
அடித்து, பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் வைத்தார்.

கிளம்பப் போனவரை நிறுத்தி
கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன்.
முழங்கால் உயரம், நாலு இலை, ஆடு கடிக்காமல் முள் வைத்திருந்தேன்.
பயிர்: பலா இரண்டு.
அதையும் திருத்திக்கொண்டு போங்கள்.