புள்ளி ஆறு ஆழம்

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் இயந்திரத்துக்கு நூறடி கீழே
கால்வாய் நேராகிற இடம்.
போஜன் முழங்கால்வரை இறங்கி நிற்கிறார்,
கம்பிக்குப் பின்னால், ஒருபுறமாக ஒதுங்கி.
முன்னால் நின்றால்
நாங்கள் அளப்பது அவர் காலை.

ஐம்பது சென்டிமீட்டர் தண்ணீர்.
மேலிருந்து முப்பதில் மானியை நிறுத்த வேண்டும்.
அங்கே ஓடும் வேகம்தான்
மொத்த ஆழத்துக்கும் சராசரி என்று
எவரோ எங்கோ கண்டு வைத்திருக்கிறார்கள்.
எனக்கு இதுவரை பொய்க்கவில்லை.

காதில் ஹெட்போன்.
ஒரு சுற்றுக்கு ஒரு டிக்.
அறுபது விநாடிக்கு எழுபத்தொன்று.
மறுபடி: அறுபத்து நான்கு.
மறுபடி: எழுபத்தெட்டு.
"தண்ணி அதேதான் மேடம், நான் அசையவே இல்ல"
என்கிறார் போஜன்,
யாரும் எதுவும் கேட்காதபோதே.

அதே தண்ணீர் இல்லை.
அடியில் ஒரு கல். அதன் முதுகில் இடறி
சுழி ஒன்று எழுந்து வந்து
செம்மண் கொப்புளமாய் விரிந்து
உடைகிறது.
அது வரும்போது எண்ணினால் ஒன்று,
போன பிறகு வேறு.
எழுந்த நீரையும் இறங்கிய நீரையும் கூட்டினால்
பூஜ்ஜியம். கணக்கு சரிதான்.
ஆனால் அந்தப் பூஜ்ஜியம்தான்
மேல் தோட்டத்து மண்ணை
அடியில் படியவிடாமல் தூக்கிப் பிடித்தபடி
ஊரைத் தாண்டிக் கொண்டுபோகிறது.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

நான்காம் தடவை
பத்தொன்பதோடு டிக் நின்றது.
போஜனின் கால்சட்டையை இழுத்துக்கொண்டு
ஓடுகிறது நீர்;
என் காதுக்குள் மட்டும் ஒரு குளம்.
பேனாவைத் திறந்துவிட்டேன், எழுத.
அவர் மானியைத் தூக்கினார்.
கிண்ணங்களைச் சுற்றி கேரட் தழை,
மூன்று சுற்று,
பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் சடை மாதிரி இறுக்கமாக.

பிரித்தெடுத்து நீரில் விட்டார்.
கையோடு கடிகாரத்தை அழுத்தினேன்:
பத்து மீட்டர் தூரம், பன்னிரண்டு விநாடி.
மேல்நீர் எப்போதும் கொஞ்சம் பீற்றும்;
நூற்றுக்கு எண்பத்தைந்துதான் நம்புவது வழக்கம்.

மேலே இயந்திரக்காரர்
அடுத்த லோடு போடலாமா என்று கையாட்டுகிறார்.
விரல்கள் மரத்துப்போய்
மூன்று எண்களையும் கூட்டி வகுத்தேன்.
எழுபத்தொன்று.
"மொதல்லயே அதான வந்துச்சு?
அப்பவே கரையேறியிருக்கலாம்."

அலுவலகத்துக்கு எழுபத்தொன்று போகும்.
நான்காம் வரியில், குறிப்பு என்ற இடத்தில்,
தழை என்று எழுதினேன்.
ஈரக் கையால் தாளைப் பிடித்திருந்ததில்
அதுவும் கொஞ்சம் கலங்கிவிட்டது.